ரத்தம் நிறுத்தும் பொடி: பில்லில் இருப்பதும் வயிற்றுக்குள் நடப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பித்தப்பைக் கல்லுக்கும் கர்ப்பப்பைக் கட்டிக்கும் வயிற்றில் மூன்று நான்கு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை இப்போது பாளையங்கோட்டையைத் தாண்டி வள்ளியூர், அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் வரை வந்துவிட்டது. கூடவே பில்லில் ஒரு புது வரியும் வந்திருக்கிறது: ‘ஹீமோஸ்டாட் பவுடர் – 1’. சில கிராம் பொடிக்குச் சில ஆயிரம் ரூபாய். என்ன இது என்று வீட்டார் கேட்டால், “ரத்தம் நிக்கதுக்கு உள்ள போட்ட பொடி” என்று ஒரே வரியில் பதில் வரும். இதைக் கேட்டுவிட்டுப் பாதிப்பேர் ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள். மீதிப்பேர், அப்படியொரு பொடி இருந்தால் அறுவை சிகிச்சையில் இனி ரத்தப் பயமே இல்லை என்று நினைக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. இரண்டாவது எண்ணம் அறுவை அரங்குகளுக்குள்ளேயும் கொஞ்சம் புகுந்திருப்பதால்தான் இந்தக் கடிதம்.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் ரத்தம் வந்தால் கையை வைத்து அழுத்திக்கொள்ளலாம். துளை வழியில் உள்ளே போவது கம்பி போன்ற கருவிகளும் கேமராவும் மட்டும். ஒரு தேக்கரண்டி ரத்தம் தேங்கினாலே அது வெளிச்சத்தை உறிஞ்சி, திரையில் படம் மங்கிவிடும். கேமராவின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தெறித்தால் மொத்தமும் சிவப்பு. அந்த நேரத்தில் கை பதறிக் குருட்டாம்போக்கில் கிளிப் (நாளத்தைக் கவ்வி மூடும் சிறு கவ்வி) போடுவதுதான் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து. பித்தப்பைக் கழுத்தருகே அப்படிப் போட்ட கிளிப் பித்தநாளத்தைக் கவ்விவிட்டால், அந்த நோயாளி மாதக்கணக்கில் அல்லல்பட வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ரத்தம் வந்தால் முதல் வேலை, பித்தப்பையின் கழுத்துப் பகுதியையே இழுத்து ரத்தம் வரும் இடத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடிப்பது. பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் உறிஞ்சி, ரத்தம் வரும் நாளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கிளிப்பைக் கையில் எடுக்க வேண்டும். 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்த காலத்திலிருந்து இன்றுவரை, அழுத்தம், கிளிப், காட்டரி (மின்சூட்டால் சுடுவது), தையல் என்ற வரிசை மாறவில்லை. பொடி அந்த வரிசையின் கடைசியில் வந்து உட்கார்ந்த உதவியாள்.

கன்னடியன் கால்வாயில் கரை கசிந்தால் களிமண் அப்பலாம். மடையே பெயர்ந்துகொண்டு போனால் களிமண்ணை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீரோடு போய்விடும். ரத்தத்திலும் அதே கணக்குத்தான். நாடித்துடிப்போடு பீய்ச்சினால் அது தமனி. அதற்குக் கிளிப், நாளத்தை இரு முனைக்கு நடுவே பிடித்துச் சுடும் பைபோலார் காட்டரி அல்லது தையல்தான் வேண்டும். பித்தப்பையை உரித்தெடுத்த பிறகு கல்லீரலில் அது ஒட்டியிருந்த படுகை முழுக்க வியர்வை போல ஊறுகிறதே, அதுதான் பொடிக்கான இடம். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டியை உரித்த பிறகு உட்சுவர் ஊறுவதும் அப்படியே. அங்கே காட்டரியால் சுட்டுக்கொண்டே போனால் ரத்தம் நிற்கும், கூடவே கருமுட்டைகளும் கருகும். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்குச் சூட்டைக் குறைத்துத் தையலோ பொடியோ பயன்படுத்துவது உண்மையிலேயே லாபம். சிறுநீர்க்குழாய், குடல் இவற்றை ஒட்டிய இடங்களிலும் சூடு பரவக் கூடாது என்பதால் பொடிக்கு மதிப்பு உண்டு. ஆனால் சிறுநீர்க்குழாய்க்குப் பக்கத்தில் அளவுக்கு மேல் தூவிவிட்டு வந்தால் அது ஊதி, குழாயை நெருக்கும்.

பொடி என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு. அரிஸ்டா போன்றவை உருளைக்கிழங்கு மாவுச்சத்திலிருந்து செய்த நுண்துளை உருண்டைகள். இவை ரத்தத்தில் உள்ள நீரை உறிஞ்சிக்கொள்கின்றன, தட்டணுக்களும் உறைபுரதங்களும் உள்ளே போக முடியாமல் உருண்டைகளின் மேற்பரப்பில் நெருக்கமாகத் திரள்கின்றன, உறைதல் விரைவாகிறது. உடம்பில் உள்ள அமைலேஸ் நொதி இந்தப் பொடியை ஓரிரு நாளில் கரைத்துவிடும். சர்ஜிசெல் பொடி தாவர இழையான செல்லுலோஸை ஆக்சிகரணம் செய்தது. இது அமிலத்தன்மை கொண்டது. பட்டதும் ரத்தம் கறுத்துக் கட்டியாகும், பொடியே அந்தக் கட்டிக்குச் சட்டகமாக நிற்கும். கரைய ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். ரத்தத்தை உறையவைக்கும் நொதியான திராம்பினை அமிலம் கெடுத்துவிடும் என்பதால் இதோடு திராம்பின் கரைசலைக் கலப்பது காசைக் கரியாக்கும் வேலை. மூன்றாவது வகை ஜெலட்டின் துகளோடு திராம்பின் சேர்த்துக் குழைத்து ஊசிக்குழாயில் வருவது. உண்மையில் அது பொடி அல்ல, கூழ். ரத்தம் ஊறிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது வேலை செய்யும். முழுக்க உலர்ந்த இடத்தில் பயனில்லை. கரைய ஆறு முதல் எட்டு வாரம். இவை எல்லாவற்றிலும் கடைசி வேலையைச் செய்வது நோயாளியின் சொந்த ரத்தம்தான். தட்டணுவும் உறைபுரதமான ஃபைப்ரினோஜனும் அடிமட்டத்தில் இருந்தால் பொடி தனியாக எதையும் சாதிக்காது.

இரைப்பைப் புண்ணில் ரத்தம் வந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகப் பீய்ச்சும் ஹீமோஸ்ப்ரே இன்னொரு இனம்; அது பென்டோனைட் என்ற கனிமத்தூள். உடம்பு அதை உறிஞ்சாது, உதிர்ந்து குடல் வழியே வெளியேறும். வயிற்றறைக்குள் போட வேண்டிய பொருள் அல்ல அது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசுவதைக் கேட்க முடிகிறது.

ஒரு நியாயமான சந்தேகமும் உண்டு. கையுறையில் தடவும் மாவுத்தூள் வயிற்றுக்குள் உதிர்ந்தால் குடல் ஒட்டுதலும் முடிச்சுகளும் வருகின்றன என்றுதானே அமெரிக்காவில் 2017 ஜனவரியில் பவுடர் கையுறைகளைத் தடை செய்தார்கள்? பிறகு மாவுச்சத்தை நாமே எப்படித் தூவலாம்? கையுறைத் தூள் சோளமாவை வேதிப்பொருளால் குறுக்குப் பிணைப்புச் செய்து, ஆட்டோகிளேவ் என்ற கிருமிநீக்கும் நீராவிக் கலனின் சூட்டில் கூழாகாதபடி கெட்டியாக்கியது. உடம்பு அதை லேசில் கரைக்காது. ரத்தம் நிறுத்தும் மாவுச்சத்துப் பொடி புரதமும் மாசும் நீக்கிச் சுத்திகரித்தது, அமைலேஸால் சீக்கிரம் கரைவது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. அதற்காக மிச்சமான பொடியைக் கழுவாமல் விட்டுவரலாம் என்றும் ஆகாது.

இனி, பெரும்பாலும் தவறு நடக்கும் இடமான தூவும் முறைக்கு வருகிறோம். பொடியின் முதல் எதிரி ஈரம். நீளமான தூவுகுழலின் நுனியில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், உள்ளே மாவு கட்டி தட்டிவிடும்; பிறகு எவ்வளவு அமுக்கினாலும் காற்றுகூட வராது. ஈரம் பெரும்பாலும் ஏறுவது போர்ட்டிலிருந்துதான் (கருவிகள் போய்வர வயிற்றுத் துளையில் செருகியிருக்கும் குழாய்). அதற்கு முன் அந்த வழியாக ரத்தக்கறை படிந்த கருவிகள் இருபது தடவை போய் வந்திருக்கும். ஆகவே குழலை நுழைக்கும் முன் காஸ் என்ற மருத்துவ வலைத்துணியை உருட்டிப் போர்ட்டின் உள்சுவரை மேலிருந்து கீழ்வரை துடைத்து உலர்த்த வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வாயு ஏறும் குழாய் அதே போர்ட்டில் மாட்டியிருந்தால் வேறு போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாயுவின் வீச்சிலேயே பொடி சிதறும். குழல் உள்ளே போகும்போது கேமரா கண் அதைப் பின்தொடர வேண்டும்; வழியில் குடலிலோ கல்லீரலிலோ நுனி உரசினால் அங்கேயே ஈரமாகிவிடும்.

அதற்குள் கீழே களம் தயாராகியிருக்க வேண்டும். தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி, பத்து மில்லிமீட்டர் போர்ட் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் நூல் கோத்த சிறு காஸை இறக்கி, ஊறும் இடத்தில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடம் என்றால் கடிகாரத்தில் இரண்டு நிமிடம். மனக்கணக்கில் அது முப்பது நொடியில் முடிந்துவிடும். பல சமயம் இந்த அழுத்தத்திலேயே ரத்தம் நின்று, பொடிக் குப்பியைத் திறக்கவே தேவைப்படாது. ஆகையால் அழுத்திப் பார்க்கும் முன்பே குப்பியைப் பிரித்து வைக்கும் வழக்கம் நோயாளியின் பணத்துக்குக் கேடு.

அப்படியும் ஊறினால், காஸை எடுத்த கையோடு தூவ வேண்டும். எடுப்பவரும் தூவுபவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால், இடையில் போகும் பத்து நொடியில் மறுபடி ரத்தம் தேங்கிவிடும். தேங்கிய ரத்தத்தின்மேல் விழுந்த பொடி, ஆறிய பாலில் படியும் ஆடை மாதிரி மேலே மட்டும் உறையும். அடியில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் பார்க்க நின்றது போலவே தெரியும் என்பதுதான் இதில் மோசம். குழலின் நுனி திசுவைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும். கேமராவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தூள் மூட்டத்தில் கண்ணாடி மறைந்துவிடும். பொடியைத் தள்ளும் துருத்தியை ஒரேயடியாக அமுக்காமல் சிறு சிறு அமுக்காக அமுக்க வேண்டும். அமுக்கிய துருத்தியை விடும்போது அது காற்றைத் திரும்ப உறிஞ்சும். அந்நேரம் நுனி ரத்தத்துக்கு அருகில் இருந்தால் ஈரமும் சேர்ந்து ஏறும். விட்டதும் நுனியைச் சற்று மேலே தூக்கிக்கொள்பவரின் குழல் அடைபடுவது குறைவு. அடைபட்டால் நுனியை நறுக்கலாமா என்பது பொருளுக்குப் பொருள் மாறும். உறையில் அனுமதித்திருந்தால் மட்டுமே கத்திரியை எடுக்கலாம்.

தூவிய மறுநொடி அதன்மேல் மறுபடி அழுத்தம். உலர்ந்த காஸ் கட்டியோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கட்டியையும் பிய்த்துக்கொண்டு வரும். உப்புநீரில் நனைத்துப் பிழிந்த காஸ் நல்லது. ஒட்டிவிட்டால் இழுக்காமல், உப்புநீரைச் சொட்டவிட்டு நெகிழ்த்தி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மிச்சப்பொடியை மெல்லிய நீரோட்டத்தால் கழுவி, சக்ஷன் முனையைக் கட்டியின் மேல் வைக்காமல் பக்கவாட்டில் வைத்து உறிஞ்ச வேண்டும். மறுபடி ஊறினால் பழைய பொடியின்மேல் புதுப்பொடி போடுவதில் அர்த்தமில்லை. கழுவி, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பொடிக்கு மேலேயே காட்டரி வைத்தால் மேல்பூச்சு கருகும், அடியில் உள்ள நாளத்துக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது.

பித்தப்பைப் படுகையில் ஒரு கண்ணி உண்டு. சிலருக்கு நடுக் கல்லீரல் சிரையின் கிளை அந்தப் படுகையின் மேல்பரப்பிலேயே ஓடும். அது கிழிந்தால் துடிப்பில்லாமல் கறுத்த ரத்தம் மளமளவென்று நிறையும். வாய் திறந்து தெரியும் சிரைக்குள் பொடியைப் பீய்ச்சவே கூடாது. ரத்த ஓட்டத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் கொடுத்த வாயுவால் தெளிக்கும் கருவிகளில் வாயுவே ரத்தத்தில் ஏறும் அபாயமும் சேர்கிறது. அங்கே ஐந்து நிமிடம், வேண்டுமானால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, நிற்காவிட்டால் தையல். தையல் போடக் கை பழகாத இடத்தில் வயிற்றைத் திறப்பது தோல்வியல்ல.

எல்லாம் முடிந்து துளைகளை மூடும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை, நேரமில்லை என்று அடிக்கடி விடுபடுகிறது. வயிற்றுக்குள் வாயு 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இருக்கிறது. சிறு சிரைகளை அந்த அழுத்தமே மூடி வைத்திருக்கும். வாயுவை வெளியேற்றிய பிறகு அவை திறக்கும். அப்போது பார்க்கக் கேமரா உள்ளே இருக்காது. ஆகவே அழுத்தத்தை 8 அளவுக்கு இறக்கி, சாய்த்து வைத்த மேசையைச் சமமாக்கி, மயக்க மருத்துவரிடம் சொல்லி ரத்த அழுத்தம் அந்த நோயாளியின் வழக்கமான அளவுக்கு வந்தபின் சில நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பொடி பிடித்ததா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

சரக்கு வைப்பதிலும் நம் ஊர்ச் சூழலுக்கென்று சில சிக்கல்கள். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத ஸ்டோர் அறையும், தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களின் ஈரக்காற்றும் இந்தப் பொருள்களுக்கு ஆகாது. எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது உறையிலேயே இருக்கிறது. பாதி மிஞ்சிய குப்பியை மூடி வைத்து அடுத்தவருக்குப் போடுவதும், மறுபடி வாயுக் கிருமிநீக்கம் செய்து எடுத்து வைப்பதும் எந்தக் காரணம் சொன்னாலும் தப்பு. ஒரு குப்பி ஒரு நோயாளிக்கு. சிக்கனம் வேண்டுமென்றால் 5 கிராம் வாங்கும் இடத்தில் 1 கிராம், 3 கிராம் குப்பிகளை வாங்கி வைக்கலாம். மாவுச்சத்துப் பொடி சர்க்கரையாக மாறும் என்பதால் நீரிழிவு உள்ளவருக்கு 50 கிராமுக்கு மேல் போடக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. துளை வழி அறுவையில் போடும் அளவுக்கு அது வெகுதூரம். வீட்டார் கவலைப்பட வேண்டாம்.

அவர்கள் கேட்க வேண்டியது வேறு. ஜெலட்டின் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. திராம்பினும் பெரும்பாலும் மாட்டு ரத்தத்திலிருந்தோ மனித ரத்தத்திலிருந்தோ வருவது. மேலப்பாளையத்து இஸ்லாமியக் குடும்பத்துக்கும் கல்லிடைக்குறிச்சியின் சைவ உணவுக் குடும்பத்துக்கும் இதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குவதுதான் மரியாதை. உயிருக்கு ஆபத்தென்றால் பெரும்பாலோர் சரி என்றே சொல்வார்கள். ஆனால் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். தாவரத்திலிருந்து வரும் மாவுச்சத்தும் செல்லுலோஸும் கையில் இருக்கும்போது, கசிவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சிக்கலும் இல்லை.

நோயாளி பக்கத்தில் நடக்கும் தவறு, மருந்துகளை மறைப்பது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் சாப்பிடும் குளோபிடோக்ரெல், வால்வு மாற்றியவர் சாப்பிடும் வார்ஃபரின் என ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், இவற்றோடு ஊர் வைத்தியரிடம் வாங்கும் லேகியம், சூரணம் எல்லாவற்றையும் சீட்டோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். திட்டமிட்ட அறுவைக்குக் குளோபிடோக்ரெலையும் வார்ஃபரினையும் பொதுவாக ஐந்து நாள் முன்பே நிறுத்துவார்கள். ஆனால் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய மருத்துவர் சொல்லாமல் ஒன்றையும் நிறுத்தக் கூடாது. தட்டணு 50,000-க்குக் கீழே இருக்கும் டெங்குக் காய்ச்சல்காரரின் பித்தப்பைக் கல் வலி தணிந்திருந்தால், காத்திருப்பதைவிட நல்ல ரத்தநிறுத்தி கிடையாது.

வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ரத்த வங்கி பக்கத்தில் இல்லாத மருத்துவமனைகள் நோயாளிக்குச் சேருமா என்று குறுக்குப் பொருத்தம் பார்த்த ரத்தத்தை அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்யாமல், அந்த இடத்தில் பொடியை வைத்து ஒப்பேற்றுவது கூடாது. அறுவை முடிந்த இரவில் வீட்டார் கவனிக்க வேண்டியதும் உண்டு. தோள்பட்டை வலி வாயுவால் வருவது, சாதாரணம். அதோடு நாடி ஏறிக்கொண்டே போவது, முகம் வெளுத்து வியர்ப்பது, வயிறு உப்புவது, சிறுநீர் குறைவது சாதாரணமல்ல. வடிகுழாயில் ரத்தம் வரவில்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கட்டி அடைத்த குழாயிலும் ஒன்றும் வராது. உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும்.

கடைசியாக, மருத்துவமனைகளுக்கும் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியே ஒரு கோரிக்கை. பொடி போட்டால் அதன் உறையில் இருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்து, பொருளின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரிய கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும். எந்த இடத்தில், எத்தனை கிராம் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமில்லாமல் சேர்ந்தவருக்கும் இதை எழுதித் தர வேண்டும். பில் இல்லை என்பதால் குறிப்பும் இல்லாமல் போகக் கூடாது. காரணம் இருக்கிறது. செல்லுலோஸ் பொருள் போட்டவருக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்து, வேறு ஊரில் சி.டி. ஸ்கேன் எடுத்தால், கரையாத பொருளுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் அச்சு அசலாகச் சீழ்க்கட்டி போலத் தெரியும். உள்ளே பொடி இருப்பது தெரியாத ஸ்கேன் மருத்துவர் சீழ் என்றுதான் எழுதுவார். அடுத்தவர் ஊசி போட்டு எடுக்கப் பார்ப்பார், அல்லது மறுபடி திறப்பார். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இருந்தால், குமிழிகள் ஓரிடத்தில் இறுகிக் கிடக்கின்றனவா, நீர்மட்டம் தெரிகிறதா, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்த்து முடிவெடுக்க முடியும். உண்மையிலேயே பொடியால் கெடுதல் வந்திருந்தால், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் நடத்திவரும் மருத்துவக் கருவிகள் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கவும் அந்தப் பேட்ச் எண்தான் முதலில் தேவைப்படும். நெல்லைச் சீமையில் டிஸ்சார்ஜ் சீட்டை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துப் பத்து வருஷம் பத்திரப்படுத்தும் வீடுகள் நிறைய. அந்த வரியை எழுதித் தந்தால் அவர்கள் தொலைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
அறுவை அரங்கில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.